உப்புவெளியைத் தொலைத்த இரண்டு வரிகள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே சில கிலோமீற்றர் சென்றால் உப்புவெளி. வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரின் மயானம் ஒன்றுண்டு. பொதுநலவாயப் போர் மயானங்கள் ஆணைக்குழு பராமரிக்கும் இடம். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய அந்தக் காலத்தின் எச்சம் அது. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, மறைந்த திகதி. ஓர் எழுத்து மாறினாலும் இறந்தவன் வேறொருவனாகிவிடுவான் என்பதால் பெயரைச் செதுக்குவதில் அத்தனை கவனம்.

அந்த மயானம் அமைந்த ஊரின் பெயரோ இணையத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டுக் கிடக்கிறது. ஒன்று உப்புவெளி. மற்றது உப்புவௌி. வேறுபாடு தெரிகிறதா? தெரியாவிட்டால் தவறில்லை. சில திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறு சிலவற்றில் இரண்டாவதன் கடைசியில் புள்ளிகளால் ஆன சிறுவட்டமொன்று எட்டிப்பார்க்கும். முதலாவது சொல், கணினிக்குள் உ, ப, புள்ளி, ப, உகரக் குறி, வ, எகரக் குறி, ள, இகரக் குறி என ஒன்பது குறியீடுகளால் ஆனது. இரண்டாவதில் எகரக் குறியும் ளகரமும் ஒன்றாக உருகி ஔகாரக் குறியாகிவிட்டன, ஆகவே எட்டு. கண்ணுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு இரண்டு. முதலாவதைத் தேடினால் இரண்டாவது உள்ள பக்கம் அகப்படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இது தட்டச்சுப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். கையால் நேர்ந்த பிழையன்று. நிரலால் நேர்ந்த பிழை. எங்கோ, யாரோ எழுதிய சிறு நிரலொன்றில் இரண்டு வரிகள் இடம் மாறி நின்றன. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த இரண்டு வரிகளைப் புரிந்துகொள்ளத் தமிழ்த் தட்டச்சின் நூறாண்டுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் தந்தை எனப்படும் இரா. முத்தையா யாழ்ப்பாணம் சுண்டிக்குளியைச் சேர்ந்தவர். 1886 இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்குவது எளிதான காரியமன்று. தீர்வு இதுதான்: எழுத்தை உச்சரிக்கும் முறையில் தட்டாதே, கண்ணுக்குத் தெரியும் முறையில் தட்டு. 'கொ' என்பதை எடுத்துக்கொள்வோம். வாய் முதலில் சொல்வது க். தாளில் முதலில் நிற்பது ஒற்றைக்கொம்பு. ஆகவே தட்டச்சாளர் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று முறை தட்டினார். ஔகாரத்துக்கும் அதே சிக்கனம். கொம்பு, மெய், அதன்பின் ள. ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு ளகரத்தை ஒத்திருப்பதால் இரண்டுக்கும் ஒரே விசை போதும் என்று ஆயிற்று. தாளில் மை படிந்துவிட்ட பிறகு அது 'கௌ' வா, 'கெள' வா என்று யாரும் கேட்கப்போவதில்லை. வாசிப்பவனின் மூளை சரியாகப் படித்துக்கொள்ளும்.

கணினி வந்தபோது ஈழத்துத் தமிழர் தமக்குப் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாமினி எழுத்துரு அந்த மரபில் வந்தது. கொழும்பு, யாழ்ப்பாணம், பாரிஸ், ரொறொன்ரோ என்று எங்கெல்லாம் ஈழத்தவர் பத்திரிகை நடத்தினார்களோ அங்கெல்லாம் பாமினி இருந்தது. அதன் உள்ளமைப்பு உண்மையில் ஒரு வேடம். கணினி ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கும். திரையில் அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது எழுத்துருவின் வேலை. ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகளைத் தட்டினால் 'தமிழ்' என்று தெரியும். எழுத்துருவை நீக்கிவிட்டால் மறுபடியும் அந்த ஐந்தும் மட்டுமே. என் தலைமுறைப் பத்திரிகைக்காரர்கள் எழுத்துரு இல்லாத கணினியில் சொந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்து, வேற்றுக்கிரக மொழிபோல் கிடந்த அந்தக் கோலத்தைக் கண்டு திகைத்தவர்கள்தாம். அச்சுக்கு அனுப்பும்வரை அது ஒரு பொருட்டில்லை. இணையத்துக்கு வந்தபோதுதான் வினையாயிற்று.

ஒருங்குறி என்று நாம் அழைக்கும் யூனிகோடு 1991 இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபோது அது சாதாரணர் மேசைக்கும் வந்துவிட்டது. ஒருங்குறியின் கொள்கை பாமினிக்கு நேரெதிர். அங்கே கண்ணுக்கு மதிப்பில்லை, வாய்க்குத்தான் மதிப்பு. 'கொ' என்பது ககரம், அதன்பின் ஒகரக் குறி. கொம்பு இடப்பக்கம் நிற்பதெல்லாம் திரையின் பாடு. ஔகாரக் குறிக்கும் தனி எண் உண்டு. அதற்கும் ளகரத்துக்கும் உறவே கிடையாது. நூறாண்டுகளாக ஒரே விசையில் கூடி வாழ்ந்த இரண்டும் திடீரென்று பாகப்பிரிவினை செய்துகொண்டன. பழைய கோப்புகளில் எந்த ள யாருக்கு உரியது என்று பிரித்துக்கொடுக்க வேண்டிய வேலை மாற்றிகளின் தலையில் விழுந்தது.

2000களின் முதற்பாதியில் வலைப்பதியத் தொடங்கியவர்களுக்குச் சுரதா யாழ்வாணன் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழர். அவர் ஆக்கிய 'பொங்குதமிழ்' எழுத்துருமாற்றி ஒரு சாதாரண இணையப்பக்கம். ஒரு பெட்டியில் பாமினியையோ திஸ்கியையோ ஒட்டினால் மறுபெட்டியில் ஒருங்குறித் தமிழ் பொங்கி வழியும். நிறுவ வேண்டியது எதுவுமில்லை, கட்டணமும் இல்லை. பெரும் நிறுவனங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தனிமனிதர்கள் ஓய்வுநேரத்தில் செய்து தந்த காலம் அது. அதன் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. அந்தப் பக்கத்தை இயக்கியது ஜாவாஸ்கிரிப்ட் என்ற எளிய நிரல்மொழி. நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். அவசரத்தில் பிறந்த அந்தப் பிள்ளையின் தயவில்தான் இலட்சக்கணக்கான தமிழ்ப் பக்கங்கள் வேடம் கலைந்து வெளியே வந்தன.

இத்தகைய மாற்றி எப்படி வேலை செய்கிறது? நிரல் என்றதும் கணிதம் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒப்புநோக்குநர் செய்யும் வேலைதான். 'உரை' என்று ஒரு பெட்டி. நிரலாளர்கள் இதை மாறி என்பார்கள். அதற்குள் முழுக் கட்டுரையையும் போட்டாயிற்று. பிறகு கட்டளைகள், ஒரு வரிக்கு ஒன்றாக: உரையில் இந்த விசைச்சேர்க்கை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இந்தத் தமிழெழுத்தை இடுக. முந்நூறுக்குக் குறையாத வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இங்கே 'எங்கெல்லாம்' என்ற சொல் முக்கியம். ஜாவாஸ்கிரிப்டில் மாற்று என்று மட்டும் சொன்னால் முதலாவதாகக் கண்ணில் படுவதை மாற்றிவிட்டு அது ஓய்ந்துவிடும். எல்லாவற்றையும் மாற்று என்பதற்குத் தனியாக ஒரு குறிப்புக் கொடுக்க வேண்டும். 'எல்லாவற்றையும் மாற்று' என்ற நேரடிக் கட்டளை அந்த மொழியின் தரத்தில் 2021 இல்தான் சேர்ந்தது. புதிதாகக் கற்பவர் தடுக்கி விழும் முதற்கல் இதுவே.

இரண்டாவது கல் வரிசை. உப்புவெளியின் கதை இங்கேதான் நடக்கிறது.

பாமினியில் உப்புவெளி எட்டு விசைகள்: சீ, ஜீ, அரைப்புள்ளி, பெரிய ஜீ, என், டீ, எஸ், பீ. கடைசி நான்கைப் பாருங்கள். என் என்பது கொம்பு. டீ என்பது வ. எஸ் என்பது ள. பீ என்பது இகர விசிறி. இப்போது நிரலில் இரண்டு வரிகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று சொல்கிறது: என்-டீ-எஸ் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் 'வௌ' இடுக. மற்றது சொல்கிறது: எஸ்-பீ என்று வந்தால் 'ளி' இடுக. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. முதல் வரி முதலில் ஓடினால்? எஸ் விழுங்கப்பட்டு 'வௌ' தோன்றும். அநாதையாக நிற்கும் பீ பின்னால் வரும் ஏதோவொரு வரியில் இகரக் குறியாக மாறும். விளைவு: வௌி. இரண்டாம் வரி முதலில் ஓடினால் எஸ்-பீ 'ளி' ஆகிவிடும். எஞ்சிய என்-டீ 'வெ' ஆகும். விளைவு: வெளி. இரண்டு வரிகளில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. மேல்கீழாக வைத்தால் போதும், ஊர் பிழைத்துவிடும்.

நீளமான சேர்க்கையை முதலில் மாற்று, குறுகியதைப் பின்னர் மாற்று என்பது மாற்றி எழுதுபவர்களின் பொதுவிதி. பெரும்பாலும் சரியான விதியுங்கூட. 'ளொ' என்பதற்கு என்-எஸ்-எச் மூன்றையும் ஒன்றாகப் பிடிக்காமல் எஸ்-எச் என்பதை முதலில் 'ளா' ஆக்கிவிட்டால் கொம்பு தனியே நின்று தவிக்கும். அந்த நல்ல விதியை ஔகாரத்துக்கும் கண்மூடிப் பொருத்தியதுதான் வினை. நான் எந்த மாற்றியையும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுத்து, அதை வேறொருவர் தம் செய்தித்தளத்தின் உள்ளமைப்பில் பொருத்தி, பின்னர் பார்த்தவர்களெல்லாம் 'ஓடுகிறதல்லவா' என்று விட்டுவிட்டார்கள். மாற்றி ஓடியது என்னவோ உண்மைதான்.

இதற்குப் பலியான சொற்கள் கொஞ்சமா? வெளியீடு, வெளிநாடு, வெள்ளி, வெள்ளம், தெளிவு, எல்லாமே. ஊர்ப்பெயர்களை எடுத்தால் கிழக்குக்குத்தான் பெருநட்டம், ஏனெனில் வெளி என்று முடியும் ஊர்கள் இங்கே பல. உப்புவெளிக்கு அடுத்து நிலாவெளி. துறைமுகத்துக்கு அப்பால் வெள்ளைமணல். மட்டக்களப்பில் வெல்லாவெளி. வன்னிக்குப் போனால் வெள்ளமுள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் தேடுபவர்கள் வெறும் புவியியலுக்காகத் தேடுவதில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் செய்தித்தாள்களில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டமை. அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம்பிடித்து வெளியுலகுக்குக் காட்டிய ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், அதே மாதம் 24 ஆம் திகதி திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒரு படத்தின் விலை அது. அந்த ஆண்டுகளின் தமிழ்ச் செய்திகளில் பெரும்பகுதி ஒருங்குறியில் எழுதப்படவில்லை. ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தவை ஏதோவொரு மாற்றியின் வழியாக வந்தவை. காணாமற்போன மகனைப் பற்றி அன்று நான்கு வரிச் செய்தி வந்திருக்கும். இன்று அதைத் தேடும் தாய்க்கோ சட்டத்தரணிக்கோ ஊர்ப்பெயர்தான் முதற்கயிறு. அந்தக் கயிறு ஔகாரத்தில் அறுந்திருந்தால், செய்தி இருக்கும், ஆனால் கைக்கு எட்டாது. எரிக்கப்பட்ட ஏட்டைப் பற்றி நாம் அழுகிறோம். இருந்தும் கிடைக்காத ஏட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சுப் பிரதிகளைப் படமாகவே வருடிச் சேர்த்துவருவது இந்த வகையில் பெரிய ஆறுதல். படத்தில் எழுத்து மாறாது.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பிழை சிரிப்பை வரவழைக்கும். வௌ என்ற உயிர்மெய்யின் மேல் இன்னோர் உயிர்க்குறி ஏறுமா? ஓருடலில் இரண்டு உயிரா? தமிழில் அதற்கு இடமேயில்லை. ஔகாரக் குறுக்கம் சொல்லின் முதலில் மட்டுமே வரும் என்பது நன்னூல் மரபு; நம் சொற்களின் நடுவில் அந்த எழுத்துக்கு வேலை குறைவு. கலைப்பட்டதாரிகளான நாங்கள் பரீட்சைக்காக மனனம் செய்து மறந்த அந்த விதிதான் இந்த நிரற்பிழைக்கு மருந்து என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாகப்பட்டது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ நின்றால், அந்த ஔகாரம் பொய். அதை எகரக் குறியும் ளகரமுமாகப் பிரித்துவிடு. இதில் ஐயத்துக்கு இடமில்லை. வௌி வெளியாகும், வௌ்ளம் வெள்ளமாகும். மறுபக்கமும் பிழையுண்டு. மௌனத்தை மெளனம் என்றும், கௌரவத்தைக் கெளரவம் என்றும், பௌர்ணமியைப் பெளர்ணமி என்றும் எழுதிவைத்த பக்கங்கள் ஏராளம். அங்கே எகரமேறிய எழுத்தை அடுத்துக் குறியில்லாத வெறும் ள வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி வருவது பெரும்பாலும் ஔகாரந்தான். என்றாலும் இந்த இரண்டாம் விதியை இயந்திரத்திடம் முழுதாக ஒப்படைக்க மாட்டேன், ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது உசிதம்.

இந்த விதிகளை எழுத எந்த மொழி வேண்டுமானாலும் உதவும். எழுத்துகளைத் தேடி மாற்றுவதற்கென்றே புகழ்பெற்ற பேர்ள் மொழியை 1987 இல் வெளியிட்ட லாரி வோல், மொழியியல் படித்தவர். எழுத்தில்லாத மொழியொன்றைக் கண்டு அதற்கு எழுத்து வகுத்துக்கொடுக்க வேண்டும் என்று இளமையில் எண்ணியவர். இன்று தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பைத்தன். ஒல்லாந்துக்காரரான கீடோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்டது. 2008 இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல் எல்லா உரையும் இயல்பாகவே ஒருங்குறி. மேற்சொன்ன முதல் விதி அதில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் போகாது. இலங்கையின் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கற்பிக்கப்படுவதும் இதே பைத்தன்தான். ஆகவே திருகோணமலையில் அந்தப் பாடத்தைத் தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊரின் பெயரைத் திருத்தத் தேவையான கல்வி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மாணவர் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர்கள் கவனிப்பார்களாக. உப்புவெளிக்கு வடக்கே கோணேசபுரியில், 2001 இல் உருவான கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் கணினி விஞ்ஞானம் பயில்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு மாலைநேர வேலை.

கட்டளைச் சொற்களும் தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு எழில் உண்டு. முத்து அண்ணாமலை அமெரிக்காவிலிருந்து ஆக்கிய நிரல்மொழி. 2009 இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்றே அதில் எழுதலாம். நிபந்தனையை முன்னால் வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னால் வைக்கும் அதன் அமைப்பு எனக்குப் பிடித்தமானது. மழை பெய்தால் என்று நாம் சொல்லும் வரிசை அதுதானே! அன்றாட வேலைக்கு அது பைத்தனுக்கு ஈடாகாது என்றாலும், ஆங்கிலச் சொல்லைக் கண்டு விலகும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாசற்படியாக நிற்கும். அவரும் தோழர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகத்தில் பாமினி உட்படப் பல பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதியும் இருக்கிறது. அட்டவணை திறந்து கிடக்கிறது. எவரும் படித்துப் பார்க்கலாம், வரிசையைச் சோதிக்கலாம்.

பழைய கோப்புகளை வைத்திருக்கும் சக பத்திரிகையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றிய பிரதி கிடைத்துவிட்டதென்று பாமினி மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றி தவறு செய்திருந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. உங்களிடம் மாற்றிய பிரதி மட்டுமே இருந்தால், முதலில் அதை ஒரு படியெடுத்துவைத்துவிட்டு, 'வௌி' என்று மட்டும் தேடிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி, வெல்லாவெளி மூன்றும் அந்த ஒரே தேடலில் சிக்கும். வெள்ளைமணலுக்கும் வெள்ளமுள்ளிவாய்க்காலுக்கும் 'வௌ்' என்று தனியாகத் தேட வேண்டும்.